நாலு சுவர், ஒரு கதவு, வெளியே வெற்றிடம்: சின்ன பட்ஜெட் விண்வெளித் திகில் படம் என்றால் என்ன?

நான்கு பேர் மட்டும் இருக்கும் ஒரு விண்கலம். பூமியை விட்டுக் கிளம்பி ஏழு மாதம் ஆகிவிட்டது. மற்ற மூன்று பேரும் தூங்கிக்கொண்டிருக்க, இரவுப் பணியில் இருப்பவள் அன்றைய கணக்கைச் சரிபார்க்கிறாள். ஒரு மனிதருக்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 0.84 கிலோ ஆக்சிஜன் வேண்டும். அப்படியானால் நான்கு பேருக்கு 3.36 கிலோ. ஆனால் திரையில் 4.20 என்று இருக்கிறது. கருவியைத் தட்டிப் பார்க்கிறாள். அணைத்துவிட்டு மறுபடி போடுகிறாள். அதே 4.20. சும்மா இருக்க முடியாமல் அந்த எண்ணை 0.84ஆல் வகுத்துப் பார்க்கிறாள்.

ஐந்து.

இந்தக் காட்சி எந்தப் படத்திலும் வந்ததல்ல, இந்தக் கட்டுரைக்காக நான் எழுதியது. இதைப் படமாக்க என்னவெல்லாம் வேண்டும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு நடிகை, ஒரு நாற்காலி, எண்களைக் காட்டும் ஒரு திரை. விகாரமான ஜந்து வேண்டாம், ரத்தம் வேண்டாம், கிராஃபிக்ஸ் வேண்டாம். ஆனாலும் அடுத்த காட்சியில் அவள் டார்ச்சை எடுத்துக்கொண்டு நடைபாதைக்குள் நுழைந்தால் நாம் கண்ணை எடுக்க மாட்டோம். குறைந்த செலவில் எடுக்கப்படும் விண்வெளித் திகில் படம் எப்படி வேலை செய்கிறது என்பதற்கு இதைவிடச் சுருக்கமான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

விண்வெளிச் சாகசப் படத்தில் விண்வெளி என்பது போய் வெல்ல வேண்டிய இடம். புதுக் கிரகம், போர், கொடி நாட்டுவது என்று கதை வெளியே விரிந்துகொண்டே போகும். திகில் படத்தில் அதே விண்வெளி மாட்டிக்கொள்ளும் இடம். கதை உள்ளே உள்ளே சுருங்கும். பெரிய கப்பல் ஒரு தளமாகும், தளம் ஓர் அறையாகும், கடைசியில் ஒரு பெட்டிக்குள் ஒருவர் மட்டும் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். விரிகிற கதைக்குப் பணம் வேண்டும். சுருங்குகிற கதைக்கு அவ்வளவாக வேண்டாம்.

பேய் வீட்டுக் கதைகளில் ஒரு பழைய தலைவலி உண்டு. "பேய் இருக்கிறது என்று தெரிந்துவிட்டதே, இவர்கள் ஏன் வீட்டை விட்டு ஓடவில்லை?" என்று பார்ப்பவர் கேட்பார். அந்தக் கேள்வியை அடைப்பதற்கே திரைக்கதை எழுதுபவர் பாதி உழைப்பைச் செலவழிப்பார். கார் கிளம்பாது, போன் வேலை செய்யாது, மழையில் பாலம் உடைந்திருக்கும். விண்வெளியில் இந்தத் தொல்லையே இல்லை. கதவைத் திறந்தால் செத்துவிடுவோம், அவ்வளவுதான். உதவிக்கு யாரையாவது கூப்பிடலாமே என்றால் அதற்கும் இயற்பியல் குறுக்கே நிற்கிறது. செவ்வாய்க்குப் பக்கத்தில் இருந்து அனுப்பும் ஒரு செய்தி பூமிக்கு வந்து சேர, இரண்டு கோள்களும் எங்கே இருக்கின்றன என்பதைப் பொறுத்து, 3 முதல் 22 நிமிடம் வரை ஆகும். "கதவுக்கு அந்தப் பக்கம் ஏதோ சுரண்டுகிறது, என்ன செய்யட்டும்?" என்று கேட்டால் பதில் வர முக்கால் மணி நேரம் ஆகலாம். அந்த முக்கால் மணி நேரம்தான் படம்.

இந்த வகைக்கு ஒரு பழைய நல்ல மாதிரி 1958ல் வந்த "இட்! தி டெரர் ஃப்ரம் பியாண்ட் ஸ்பேஸ்". எட்வர்ட் எல். கான் இயக்கியது. செவ்வாயில் இருந்து திரும்பும் ஒரு ராக்கெட்டில் யாருக்கும் தெரியாமல் ஓர் உயிரினம் ஏறிக்கொள்கிறது. ராக்கெட் அடுக்குமாடி போலச் செங்குத்தாக நிற்கிறது. ஒவ்வொரு தளத்துக்கும் நடுவில் ஒரு மூடி. கீழே இருந்து அது ஒவ்வொரு தளமாக ஏறிவர, மனிதர்கள் ஒவ்வொரு தளமாக மேலே ஒதுங்குகிறார்கள். துப்பாக்கி பலிக்கவில்லை, வெடிகுண்டு பலிக்கவில்லை. கடைசியில் கப்பலில் இருக்கும் காற்றையே வெளியே விட்டுவிடுகிறார்கள். ஒரு வட்டமான அறையைக் கட்டிவிட்டு, அதில் சாமான்களை மாற்றி மாற்றி அடுக்கியே இந்தக் கதையை நகர்த்தலாம். மேலே ஏற ஏற இடம் குறைகிறது என்பது பார்ப்பவருக்கு யாரும் விளக்கிச் சொல்லாமலே புரியும்.

1965ல் இத்தாலியில் மாரியோ பாவா எடுத்த "பிளானட் ஆஃப் தி வாம்பயர்ஸ்" என்ற படத்தைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். கதை ஓர் அந்நியக் கிரகத்தில் நடக்கிறது. அந்தக் கிரகத்தைக் கட்டுவதற்குக் கையில் இருந்தது இரண்டே இரண்டு பிளாஸ்டிக் பாறைகள் என்று பாவா பின்னாளில் சொன்னார். அவையும் ரோமில் இருக்கும் சினேசிட்டா ஸ்டூடியோவில் வேறொரு புராணப் படத்துக்குச் செய்து மிஞ்சியவை. கண்ணாடிகளை வைத்து அந்த இரண்டு பாறைகளைப் பலவாகக் காட்டினார். மீதி இடத்தைப் புகையால் நிரப்பி, சிவப்பும் பச்சையும் நீலமுமாக விளக்குப் போட்டார்.

புகை என்றால் எல்லாவற்றையும் மூடி மறைக்கும் சோம்பேறி வழி என்று தோன்றும். உண்மையில் அது செய்யும் வேலை அதிகம். ஸ்டூடியோவில் கட்டிய செட் பொய் என்று நமக்குக் காட்டிக்கொடுப்பது பெரும்பாலும் தரையும் பின்சுவரும் சந்திக்கும் கோடு. கண் அந்தக் கோட்டைப் பிடித்துவிட்டால் இடம் எவ்வளவு சின்னது என்று மூளை அளந்துவிடும். புகை அந்தக் கோட்டை அழித்துவிடுகிறது. அப்புறம், காற்றில் தொங்கும் புகையில் வெளிச்சம் பட்டுச் சிதறுவதால் பக்கத்தில் இருக்கும் பொருள் கறுப்பாகவும் தூரத்தில் இருப்பது வெளிறியும் தெரியும். மலைத்தொடரைத் தூரத்தில் இருந்து பார்க்கும்போது நடப்பதும் இதுதான். ஆக பத்தடி தூரம் நூறடி போலத் தெரிகிறது. இந்தப் படத்தைப் பார்க்கும்போது கதையை விடுங்கள், கொஞ்சம் தள்ளாட்டமான கதைதான். ஆனால் அந்தக் கிரகம் இன்றைக்குப் பார்த்தாலும் கெட்ட கனவில் வந்த இடம் போல இருக்கிறது.

அமெரிக்காவில் சின்ன பட்ஜெட் படங்களுக்குப் பேர்போன தயாரிப்பாளர் ரோஜர் கார்மன் வேறொரு வழி கண்டுபிடித்தார். சோவியத் ஒன்றியத்தில் நல்ல செலவில் எடுத்த விண்வெளிப் படங்களின் உரிமையை வாங்கி, அவற்றில் இருந்து ராக்கெட், கிரகம் முதலிய காட்சிகளை மட்டும் வெட்டி எடுத்து, புதிதாக எடுத்த நடிகர் காட்சிகளுடன் ஒட்டவைத்தார்கள். 1966ல் வந்த "குவீன் ஆஃப் ப்ளட்" இப்படிப் பிறந்தது. ரத்தம் குடிக்கும் பச்சைத் தோல் பெண்ணொருத்தி விண்கலத்துக்குள் வந்துவிடுகிறாள். வெளிக் காட்சிகள் ஒரு நாட்டின் காசு, உள் காட்சிகள் இன்னொரு நாட்டின் சிக்கனம்.

அதே கார்மன் நிறுவனத்தில் 1981ல் "கேலக்ஸி ஆஃப் டெரர்" எடுத்தபோது, செட் வடிவமைப்பு வேலையும் இரண்டாவது படப்பிடிப்புக் குழுவை இயக்கும் வேலையும் ஓர் இளைஞரிடம் இருந்தன. பெயர் ஜேம்ஸ் கேமரூன். விண்கலத்தின் உட்சுவருக்கு அவர் ஒட்டியது ஹாம்பர்கர் கட்டித் தரும் தெர்மோகோல் பெட்டிகள். வரிசையாக ஒட்டி உலோக நிறம் அடித்து ஓரத்தில் இருந்து விளக்குப் போட்டால், திரையில் அது ஏதோ முக்கியமான இயந்திரப் பகுதி போலத்தான் இருக்கும். அந்தப் படத்தில் வெட்டுப்பட்ட கை ஒன்றின் மேல் புழுக்கள் நெளிய வேண்டும். ஆனால் புழுக்கள் நெளிய மறுத்தன. கேமரூன் அடியில் கம்பி வைத்து, ஆக்‌ஷன் சொன்னதும் லேசாக மின்சாரம் பாயும்படி ஏற்பாடு செய்தார். புழுக்கள் துடித்தன, கட் சொன்னதும் நின்றன. பின்னால் நின்று பார்த்த தயாரிப்பாளர்கள், சொன்ன பேச்சைப் புழுவே கேட்கிறதே என்று அசந்துபோனார்கள் என்று கேமரூனே பின்னாளில் சொல்லிச் சிரித்திருக்கிறார். (புழுக்கள் தரப்பு நியாயத்தை யாரும் கேட்கவில்லை.) அந்தப் படத்தின் செட்டையும் சும்மா விடவில்லை. அடுத்த வருடமே "ஃபார்பிடன் வேர்ல்ட்" என்ற இன்னொரு படத்துக்கு அதே சுவர்கள் மறுபடி வேலைக்கு வந்தன.

இதற்கு நடுவில் இன்னொரு கதை உண்டு. எனக்குப் பிடித்தது அதுதான். தெற்குக் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் சினிமா படித்துக்கொண்டிருந்த ஜான் கார்ப்பென்டரும் டான் ஓபேனனும் சேர்ந்து மாணவர் படமாகத் தொடங்கியது "டார்க் ஸ்டார்". இழுத்து இழுத்து 1974ல் திரைக்கு வந்தது. மொத்தச் செலவு ஏறத்தாழ 60,000 டாலர். அதில் கப்பலுக்குள் ஒரு வேற்றுக்கிரக ஜந்து ஓடித் திரியும், ஒருவர் அதைத் துரத்திக்கொண்டு போவார். அந்த ஜந்து என்ன தெரியுமா? கடற்கரையில் விளையாடும் காற்றடைத்த பந்து. அடியில் நகமுள்ள இரண்டு பாதங்களை மாட்டிவிட்டார்கள். பார்த்தால் பயம் எப்படி வரும், சிரிப்புத்தான் வரும். படமும் நகைச்சுவைப் படம்தான். ஆனால் அரங்கில் எதிர்பார்த்த அளவு சிரிப்பும் வரவில்லை. சிரிக்க வைக்க முடியாவிட்டால் போகட்டும், இதே கருவை வைத்துப் பயமுறுத்திவிடலாம் என்று ஓபேனன் மறுபடி எழுத உட்கார்ந்தார். கப்பல், அலுத்துப்போன பணியாளர்கள், உள்ளே புகுந்த ஜந்து. அதுதான் 1979ல் ரிட்லி ஸ்காட் இயக்கத்தில் "ஏலியன்" ஆனது.

ஏலியன் சின்ன பட்ஜெட் படம் அல்ல, ஏறத்தாழ 1 கோடியே 10 லட்சம் டாலர் செலவானது. ஆனால் அதன் தந்திரங்கள் பெரும்பாலும் ஏழையின் தந்திரங்கள். ஜந்து என்பது ரப்பர் உடைக்குள் இருந்த ஒல்லியான, மிக உயரமான ஒரு மனிதர், நைஜீரியரான போலாஜி படேஜோ. முழு உருவத்தை நாம் பார்ப்பது மொத்தமாகச் சில நிமிடங்களே. வால், பல், எச்சில், பளபளக்கும் மண்டை என்று துண்டு துண்டாகத்தான் கண்ணில் படும். கப்பலின் தரையிறங்கும் கால் பிரம்மாண்டமாகத் தெரிய வேண்டும் என்றபோது ஸ்காட் இன்னும் பெரிய செட் கட்டவில்லை. சின்ன அளவில் விண்வெளி உடை தைத்து, தன் பிள்ளைகளுக்கு மாட்டிவிட்டு நடக்க வைத்தார். மனிதர் சிறுத்தால் கப்பல் பெருக்கும் அல்லவா?

நடைபாதையும் அப்படித்தான். இந்த வகைப் படங்களில் யாராவது ஒருவர் எப்போதும் நடைபாதையில் நடந்துகொண்டே இருப்பது ஏன் என்று யோசித்திருக்கிறீர்களா? இருபதடி நீளத்துக்கு ஒரு நடைபாதைத் துண்டு கட்டினால் போதும். ஒரு முனையில் இருந்து எடுத்தால் ஒரு தளம், எதிர் முனையில் இருந்து எடுத்தால் இன்னொரு தளம். கதவில் இருக்கும் எண்ணை மாற்றி, வெள்ளை விளக்குக்குப் பதில் சிவப்பு விளக்கைப் போட்டால் இயந்திர அறைக்குப் போகும் வழி. கேமராவைக் கொஞ்சம் சாய்த்தால் விபத்துக்குப் பிந்தைய கப்பல். சுவரில் ஒட்டுவதற்குப் பழைய பிரிண்டரின் உள்பாகங்கள், குழாய்கள், பொம்மை விமானக் கிட்டில் மிஞ்சும் சில்லறைத் துண்டுகள் எல்லாம் ஆகும். விளக்கை மட்டும் செட்டுக்கு வெளியே வைக்காமல் சுவருக்குள்ளேயே பதித்துவிட வேண்டும். வெளிச்சம் கப்பலில் இருந்தே வருகிறது என்று தோன்றினால் மீதியை நாமே நம்பிவிடுவோம். இருட்டாக இருக்கும் மூலைக்குச் செலவே கிடையாது.

ஒலிக்கு வருவோம். இங்கேதான் சின்னப் படங்கள் பெரிய படங்களுக்குச் சமமாக நிற்க முடியும். வெற்றிடத்தில் ஒலி பரவாது என்பது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். அதைவிடச் சுவாரசியமான விஷயம் கப்பலுக்கு உள்ளே இருக்கிறது. சர்வதேச விண்வெளி நிலையத்தில் மின்விசிறிகளின் இரைச்சல் ஓய்வதே இல்லை. காரணம், எடையின்மையில் சூடான காற்று தானாக மேலே போகாது. தூங்குகிறவரின் முகத்தருகே காற்றோட்டம் நின்றுபோனால், அவர் வெளிவிட்ட கார்பன் டை ஆக்சைடு அப்படியே முகத்தைச் சுற்றித் தேங்கி நிற்கும். அதையே அவர் மறுபடி உள்ளே இழுப்பார். ஆகவே விசிறி ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். விண்கலத்தில் இரைச்சல் என்பது உயிர், அமைதி என்பது ஆபத்து.

இதைத் தெரிந்த ஒலி வடிவமைப்பாளர் என்ன செய்வார்? படம் தொடங்கியதில் இருந்து மெல்லிய ரீங்காரம் ஒன்றை ஓடவிடுவார். பத்து நிமிடத்தில் நம் காது அதை மறந்துவிடும். நாற்பதாவது நிமிடத்தில், யாரோ ஏதோ சாதாரணமாகப் பேசிக்கொண்டிருக்கும்போது, அந்த ரீங்காரத்தை அறுத்துவிடுவார். என்ன மாறியது என்று நமக்குச் சட்டென்று தெரியாது, ஆனால் உடம்பு நிமிரும். திரையில் இருப்பவர்களும் பேச்சை நிறுத்திவிட்டு மேலே பார்ப்பார்கள். தடாலென்று கத்தி நம்மைத் துள்ள வைக்கும் காட்சிகளைவிட இது எனக்குப் பல மடங்கு பிடிக்கும். துள்ளல் ஒரு நொடியில் முடிந்துவிடும், இது தூங்கப் போகும்போதும் கூட வரும்.

அறிவியலும் பணம் மிச்சப்படுத்தும், அதை மதித்தால். வெற்றிடத்தில் தள்ளப்பட்ட ஆள் பலூன் போல வெடித்துச் சிதறுவதாகப் பல படங்கள் காட்டுகின்றன. அது உண்மையல்ல. தோல் அந்த அளவுக்கு உறுதியானது. 1966ல் நாசாவின் வெற்றிட அறை ஒன்றில் விண்வெளி உடையைச் சோதித்துக்கொண்டிருந்தவரின் காற்றுக்குழாய் கழன்றுவிட்டது. ஏறக்குறைய 14 நொடியில் நினைவிழந்தார். உடனே அறைக்குள் காற்றை நிரப்பியதால் பிழைத்தார். நினைவு தப்பும் முன் கடைசியாக அவர் உணர்ந்தது நாக்கில் எச்சில் கொதிப்பதை. சூட்டினால் அல்ல, அழுத்தம் இல்லாவிட்டால் நம் உடல் வெப்பத்திலேயே நீர் கொதித்துவிடும். இதில் எது பயங்கரம்? வெடிக்கும் ரப்பர் தலையா, வாயைத் திறந்தபடி கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று 14 நொடி நம்மையே பார்க்கும் முகமா? இரண்டாவதுக்கு நடிகர் ஒருவர் இருந்தால் போதும்.

எடையின்மை மட்டும் கொஞ்சம் கைகடிக்கும். நிஜமாகவே மிதக்க வேண்டுமானால், வளைவுப் பாதையில் ஏறி இறங்கும் விமானத்துக்குள் போய் ஒவ்வொரு முறையும் இருபது, இருபத்தைந்து நொடிக்குள் ஷாட்டை முடிக்க வேண்டும். கம்பியில் தொங்கவிட்டால் பிறகு கம்பியை அழிக்க வேண்டும். அதனால் பெரும்பாலான சின்னப் படங்கள் செயற்கை ஈர்ப்பு இருப்பதாக வைத்துக்கொண்டு தரையில் நடக்கின்றன. நடக்கட்டும். ஏன் மிதக்கவில்லை என்று ஒரு கதாபாத்திரம் நின்று விளக்கம் சொல்லத் தொடங்கினால்தான் சந்தேகம் வரும்.

பிற்காலத்தில் இன்னொரு வழியும் வந்தது. கப்பலுக்குள் பொருத்திய கண்காணிப்பு கேமராக்களின் பதிவுகளைத் தொகுத்தது போலவே முழுப் படத்தையும் காட்டுவது. மங்கலான படம், அசையாத கோணம், நடுவில் வரும் புள்ளிகளும் கோடுகளும் எல்லாமே கதையின் பகுதியாகிவிடும். 2011ல் "அப்பல்லோ 18" நிலாவை வைத்து இதைச் செய்தது. யோசனை நல்லது, படம் சுமார். 2013ல் செபாஸ்டியன் கோர்டேரோ இயக்கிய "யூரோப்பா ரிப்போர்ட்" வியாழனின் துணைக்கோளுக்குப் போகும் ஆறு பேரின் கதை. இது எவ்வளவோ மேல். இறக்கப்போகிறோம் என்று தெரிந்தும் வேலையை விடாத விஞ்ஞானிகள் அதில் இருக்கிறார்கள்.

சொதப்பும் இடங்களும் தெரிந்தவைதான். மலிவான கிராஃபிக்ஸ் ஜந்துவை முழு வெளிச்சத்தில் நிறுத்திவிடுவார்கள். அதற்கு மோசமான ரப்பர் பொம்மையே மேல், குறைந்தபட்சம் நடிகர் தொட்டுப் பார்க்க ஏதோ ஒன்று இருக்கிறது. கப்பலின் வெளித்தோற்றத்தை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை காட்டி, அது பொம்மை என்று நாம் கண்டுபிடிக்க அவகாசம் தருவார்கள். பிறகு அந்த உயிரினம் எங்கிருந்து வந்தது, எதற்காக வந்தது என்று கரும்பலகை வைத்து வகுப்பெடுப்பார்கள். என் கப்பலில் மூச்சுவிடும் அந்த ஐந்தாவது ஆள் யார் என்று நான் சொல்லப்போவதில்லை. சொன்ன மறுகணம் அது வெறும் ஓர் ஆளாகிவிடும்.

எதில் இருந்து பார்க்கத் தொடங்குவது என்று கேட்டால், ஏலியனை ஏற்கெனவே பார்த்தவர்கள் அந்த 1958 படத்துக்குப் போங்கள் என்பேன். 69 நிமிடம்தான். கதை நடப்பதாகச் சொல்லும் எதிர்கால வருடம் 1973 என்பதைக் கேட்டுச் சிரித்துவிட்டு, நிழல்களைக் கவனியுங்கள். ஜந்து ஒருமுறை வாயைக் கிட்டத்தில் காட்டும். உள்ளே இருந்து தடித்த நாக்கு ஒன்று துருத்திக்கொண்டிருக்கும். அது நாக்கு அல்ல. உடைக்குள் நடித்த ரே கோரிகன் முகமூடிக்கு அளவு கொடுக்க வரவில்லை. படப்பிடிப்பன்று மாட்டிப் பார்த்தால் முகமூடி சின்னதாகிவிட்டது, அவருடைய மோவாய் ஜந்துவின் வாய் வழியாக வெளியே வந்து நின்றது. புதிது செய்ய நேரமும் இல்லை, காசும் இல்லை. மோவாய்க்கு மேக்கப் போட்டு, நாக்கு என்று சொல்லிவிட்டார்கள்.